பச்சைப் பெயிண்டுக்கு அடியில் ஒரு ரயில்

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில், மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒரு ரயில் நிற்கும். ஓர் எஞ்சின், இரண்டு பெட்டி. எல்லாம் தகரம். பெத்லகேமில் ரயில் ஏது என்று யாரும் கேட்டதில்லை. திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவில் குடில் வைத்த எல்லா வீட்டிலும் பெத்லகேமில் ஏதாவது ஒன்று கூடுதலாகத்தான் இருந்தது. ஒரு வீட்டில் பிளாஸ்டிக் ஜீப். இன்னொரு வீட்டில் மூன்று ராஜாக்களுக்கும் முன்னால் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஒரு கிரிக்கெட்காரர். எங்கள் வீட்டில் ரயில்.

அதை அப்பாவின் அப்பா தன் கையால் செய்தார் என்று வீட்டில் சொல்வார்கள். அவர் பெரம்பூர்ப் பக்கம் ரயில் பட்டறையில் சம்மட்டி ஆளாக இருந்தவர். அப்பா சிறுவனாக இருந்தபோதே தாத்தா இறந்துவிட்டார். பெரியப்பாக்கள் வீட்டையும் கட்டிலையும் எடுத்துக்கொண்டார்கள். கடைசிப் பிள்ளையான அப்பாவுக்கு ரயில் வந்தது. அப்பாவிடம் தாத்தாவின் படம் ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே அப்பாவைப் பொறுத்தவரை அந்த ரயில்தான் அவருடைய அப்பா.

அப்பா ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் பெயிண்டர். பெரிய பெரிய ராணுவ வண்டிகளுக்குப் பச்சைப் பெயிண்ட் அடிக்கிற வேலை. ஒவ்வொரு வருடமும் குடில் வேலை தொடங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரயிலைப் பரணிலிருந்து இறக்கி, முற்றத்தில் செய்தித்தாள் விரித்து அதன்மேல் வைத்து, ஒரு கோட் பெயிண்ட் அடிப்பார். நமக்கெல்லாம் புதுத்துணி, அதற்கு மட்டும் பழசா என்பார். தொழிற்சாலையில் அடிக்கிற அதே பச்சைதான். எங்கள் ரயில் எந்த நேரமும் போருக்குப் புறப்படத் தயாராக இருப்பதுபோல நிற்கும்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருடத்துக் கிறிஸ்துமஸ் அன்று எதிர்வீட்டுக் கார்டு மாமா குடில் பார்க்க வந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லாருக்கும் அவர் கார்டு மாமா, அப்பாவுக்கு மட்டும் கார்டு சார். ஒவ்வொரு வருடமும் வருவார், அச்சு முறுக்கைக் கடித்துக்கொண்டே குடிலைச் சுற்றிப் பார்ப்பார், நட்சத்திரம் கோணலாக இருக்கிறது என்று ஏதாவது குறை சொல்லிவிட்டுப் போவார். அந்த வருடம் புதுக் கண்ணாடி போட்டிருந்தார். எஞ்சினைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்பா, இத உங்கப்பா பண்ணாருன்னு யார் சொன்னது?"

"எங்கண்ணனுங்க எல்லாருக்கும் தெரியும் சார்."

"இது சீமைச் சாமான்யா. சின்ன வயசுல ஆபீசர் பங்களாவுல பாத்திருக்கேன். இதோ பாரு, சாவி குடுக்கற தொளை. சம்மட்டி தூக்கறவரு ஸ்பிரிங் வண்டி பண்ணுவாரா?"

"அப்ப இது எப்படி சார் எங்கப்பாகிட்ட வந்துது?"

"எனக்கென்ன தெரியும். எப்படியோ வந்திருக்கும்." அவர் இன்னொரு முறுக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மனிதர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த 'எப்படியோ' எங்கள் வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது.

அன்றைக்குப் பிரியாணி முன்னால் இருந்தும் அப்பா சாப்பிடவில்லை.

"இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வச்சிகினு கீற? அந்தாளு வாயி சும்மா இருக்காதுன்னு உனக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா.

"எப்படியோ வந்திருக்கும்னா இன்னா அர்த்தம்? எங்கப்பன் பங்களாவுலேர்ந்து தூக்கிகினு வந்துட்டாருன்னு அர்த்தம்."

"நீ மட்டும் பெயிண்ட் கொண்டாறலயா?"

"டப்பா அடியில ஒட்டிகினு கீறத கழுவி ஊத்திடுவாங்க. அத வழிச்சி எடுத்தா அது திருட்டா?"

"அப்ப உங்கப்பன் மட்டும் இன்னா, ஸ்டேஷனையா பேத்துகினு வந்துட்டாரு? சாப்புடு வாய்யா."

அப்பா சிரிக்கவில்லை. கிறிஸ்துமஸ் அன்றே ரயிலை ஒரு பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் போட்டார். வழக்கமாகப் பொங்கல் வரை குடிலைக் கலைக்க மாட்டோம்.

அடுத்த வருடம், குடிலுக்காக நான் தட்டில் கேழ்வரகு முளைக்கப் போடும் நாள் நெருங்கியது. பெயிண்ட் அடிக்கிற ஞாயிற்றுக்கிழமை வந்து போயிற்று. அப்பா பரண் பக்கமே பார்க்கவில்லை.

"ரயிலு எங்கப்பா?"

"இந்த வருசம் வேணாம்."

"ஏன்?"

"எங்கப்பன் பண்ணதுன்னு சொல்லிகினு இத்தினி வருசம் வச்சேன். இல்லன்னா அது யார் ஊட்டுப் பொருளோ. அத இட்டாந்து சாமி பக்கத்துல வைக்கறதா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "நீதான் படிக்கிறியே. பாத்து சொல்லு. பண்ணதா, வந்ததான்னு. நீ சொன்னா நான் ஒத்துக்கறேன்."

இதை எழுதும்போது இன்றும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும், அம்மாவுக்கு அதுவும் தெரியாது. அதுவரை என் படிப்பு வேறு யாரோ எழுதியதை வீட்டாருக்கு வாசித்துக் காட்டத்தான் பயன்பட்டது. மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, பஸ்ஸின் நெற்றியில் போட்டிருக்கிற ஊர். யாரும் எழுதி வைக்காத ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல் என்று என்னிடம் கேட்டது அதுதான் முதல் முறை. கேட்டவரும் என் அப்பா. 'பண்ணது' என்ற பதில்தான் வர வேண்டும் என்று அவர் ஏங்குவது எனக்குத் தெரிந்தது. ஆனால் 'பாத்து சொல்லு' என்றுதான் கேட்டார், 'பண்ணதுன்னு சொல்லு' என்று கேட்கவில்லை. அதனால் நிஜமாகவே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ரயிலை இறக்கினேன். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. வருடக்கணக்கில் பூசிய பெயிண்டில் ஓரங்களெல்லாம் தேய்ந்த சோப்புக் கட்டிபோல மழுங்கிவிட்டன. தகடும் தகடும் எங்கே சேர்கின்றன என்றுகூடத் தெரியவில்லை. சக்கரங்கள் பச்சை உருண்டைகளாக இருந்தன. அப்பா ஆசையாகப் பூசியது அத்தனையும் நான் பார்க்க வேண்டியதை மூடிக்கொண்டிருந்தது.

"பெயிண்ட எடுக்கணும்பா."

"எத, மொத்தமுமா?"

"கொஞ்சம் கொஞ்சமா."

நான் வேதியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். தின்னர் போட்டால் பெயிண்ட் இளகும். ஆனால் அடியில் பழைய பெயிண்ட் ஏதாவது இருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். ஆகவே முதலில் எஞ்சினின் வயிற்றுப் பக்கம், கண்ணில் படாத இடத்தில், குச்சியில் பஞ்சு சுற்றி ஒரு பொட்டு வைத்துப் பார்த்தேன். இளகியதை ஐஸ்குச்சியால் வழித்தேன். இரும்பால் சுரண்டக் கூடாது என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அவர் மாணவனைப்போலத் தலையாட்டினார். நெடி வீட்டுக்குள் ஏறாமல் இருக்கப் பின்வாசலில் அடி பம்புக்குப் பக்கத்தில் சனிக்கிழமை மதியங்களில் உட்காருவோம். அம்பத்தூர்ப் பக்கமிருந்து மின்சார ரயில் வரும்போது தரை லேசாக அதிரும், கிண்ணத்துத் தின்னரில் வளையம் போடும்.

பச்சைக்கு அடியில் பச்சை வந்தது. அதற்கு அடியிலும் பச்சை. எனக்கு எல்லாம் ஒன்றுதான். அப்பா குனிந்து பார்த்தார்.

"இது நீ பத்தாவது பாஸ் பண்ண வருசம். அந்த வருசம் வந்த சரக்குல கொஞ்சம் மஞ்ச அடிச்சிது."

"எப்படிப்பா தெரியும்?"

"நான்தான அடிச்சேன்." இன்னும் கொஞ்சம் வழித்ததும் சொன்னார். "இது நீ பொறந்த வருசம். கட்டி கட்டியா கீது பாரு. பிரஷ்ஷுகூட இல்ல அப்போ. துணியில தொட்டு அடிச்சேன்."

"உம் பொண்ணு பொறந்த வருசம் கோட்டு போட ஞாபகம் இருந்துது, எனக்குக் கஞ்சி வைக்க மட்டும் ஞாபகம் இல்ல" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

எல்லாப் பச்சைக்கும் அடியில் கறுப்பு வந்தது. அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "இது நான் அடிச்சதில்ல. எங்கப்பா அடிச்சது." விரலால் ஒரு தரம் தொட்டுப் பார்த்தார். அதையும் எடுக்காமல் பதில் தெரியாது என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. புகைக்குழாயில் மட்டும் கறுப்பை அப்படியே விட்டுவிடுவது என்று பேசி முடித்தோம். இன்றும் அது அங்கே இருக்கிறது.

கறுப்புக்குக் கீழே, எஞ்சினின் இடது பக்கத்தில், சிவப்பு தெரிந்தது. சிவப்பின் ஓரத்தில் தலைமுடி அளவுக்குத் தங்கக் கோடு. வயிற்றுப் பக்கத்தில் ஆங்கில எழுத்துகள் பொடிப்பொடியாக அச்சாகியிருந்தன. எழுத்துக் கூட்டி வாசித்தேன். 'பவேரியாவில் செய்தது.'

"எந்த ஊரும்மா அது?" என்றார் அப்பா.

எனக்குத் தெரியவில்லை. பள்ளி அட்லஸில் நாடுகளின் பெயர்களில் தேடினேன், அப்படி ஒரு நாடே இல்லை. திங்கட்கிழமை கல்லூரி நூலகத்தில், தனியாகப் பூட்டி வைத்திருந்த கலைக்களஞ்சியத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பவேரியா ஜெர்மனியில் ஒரு பகுதி. பொம்மைகளைப் பற்றிய பக்கத்தில், அங்கே தகரப் பொம்மை ரயில்கள் ஏராளமாகச் செய்து பல நாடுகளுக்குக் கப்பலில் அனுப்பினார்கள் என்று இருந்தது. ஒரு தகட்டில் சின்ன நாக்கு விட்டு, இன்னொரு தகட்டின் பிளவில் அதைச் செருகி மடித்து, ஈயமே இல்லாமல் சேர்ப்பார்களாம். பக்கத்தில் ஒரு படமும் இருந்தது. வீட்டுக்கு வந்து எஞ்சினின் இடது பக்கத்தைப் பார்த்தேன். நாக்குகள் வரிசையாக மடிந்திருந்தன. ஏற்கெனவே துடைத்து முடித்திருந்த முதல் பெட்டியிலும் அப்படித்தான்.

என் மனதுக்குள் ஒரு துள்ளல். கண்டுபிடித்துவிட்டேனே! அடுத்த நிமிடமே அதை யாரிடம் சொல்ல வேண்டும் என்பது நினைவுக்கு வந்து துள்ளல் அடங்கியது.

அப்பா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து பம்படியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"ஜெர்மனியா?"

"ஆமாம்பா."

"அப்ப கார்டு சொன்னது சரிதான்."

அவர் உள்ளே போய்ப் பச்சைப் பெயிண்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு வந்தார். "குடு. அடிச்சி மூடிட்டுப் பரண்ல போட்டுடலாம். நம்ம பாத்ததோட இருக்கட்டும்."

நான் எஞ்சினை மடியில் வைத்துக்கொண்டு கொடுக்க மறுத்தேன். "இன்னும் வலது பக்கம் பாக்கலப்பா. ரெண்டாவது பெட்டி தொடவே இல்ல."

"இன்னும் இன்னா பாக்கறது? பங்களாக்காரன் பேரு எழுதியிருக்கும், அதையும் படிச்சிக் காட்டப் போறியா?"

"எழுதியிருந்தா படிச்சித்தான் காட்டுவேன். பாதி கேள்விக்குப் பதில் எழுதிட்டு பேப்பரக் குடுத்துட்டு வந்தா யாராவது மார்க் போடுவாங்களா? நீதான பாத்து சொல்லுன்ன?"

அப்பாவை நான் அதற்கு முன் எதிர்த்துப் பேசியதில்லை. அம்மா வாசற்படியில் வந்து நின்றாள். அடி விழும் என்று நினைத்தாளோ என்னவோ. பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். "அவ சொல்றதும் நாயந்தான? உங்கப்பன் மேல அவ்ளோ நம்பிக்கை கீதுன்னா மீதியயும் பாத்துட்டுப் போயேன். பிரஷ்ஷ கீழ வையி."

அவர் வைத்துவிட்டார். பக்கத்தில் உட்காரவில்லை, கொஞ்சம் தள்ளி முருங்கை மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

வலது பக்கத்திலும் பச்சை, பச்சை, பிறகு கறுப்பு. அதற்கடியில் சிவப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மஞ்சள் வந்தது. மஞ்சள்மேல் தடித்த எழுத்துகள் தலைகீழாக நின்றன. எஞ்சினைத் திருப்பினேன். தமிழ்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முருங்கை மரத்தடியிலிருந்து அப்பா திரும்பினார். "இன்னா எழுதியிருக்கு?"

"பல்பொடி."

"இன்னாது?"

"பல்பொடிப்பா! பல்பொடி டப்பா. இந்தப் பக்கம் முழுக்கப் பல்பொடி டப்பாவை வெட்டி வச்சிருக்கு."

அவர் எழுந்து வருவதற்குள் மிச்சத்தையும் துடைத்துவிட்டேன். ஜெர்மனித் தகரம் முடிகிற இடத்தில், கசக்கிய காகிதத்தை மறுபடி நீவி விட்டதுபோலச் சுருக்கங்கள். யாரோ மிதித்தோ எதுவோ ஏறியோ ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது. தேறியவரை தட்டி நிமிர்த்தி, தேறாததை வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்துக்குப் பல்பொடி டப்பாவை வளைத்து ஈயத்தால் பற்றவைத்திருந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடம் காலி. ஓர் அச்சு மட்டும் அசல், இன்னொன்று ஆணி. இரண்டாவது பெட்டியைத் துடைக்கத் துடைக்க இன்னும் வேடிக்கை. அதில் ஜெர்மனியே இல்லை. முழுக்க உள்ளூர் டப்பாத் தகரம். முதல் பெட்டியைப் பார்த்து அதே அளவுக்குச் செய்தது. ஜன்னல்கள் உளியால் வெட்டியவை, ஒன்றுபோல ஒன்று இல்லை. சக்கரங்கள், கலர் பாட்டில் மூடிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பற்றவைத்தவை.

அப்பா எஞ்சினை வாங்கி ஒட்டின்மேல் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினார். பெயிண்டர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள், கண்ணால் அல்ல.

"அதான் கறுப்பு அடிச்சிருக்காரு" என்றார். "ஒட்டுப் போட்ட எடத்துல மட்டும் பெயிண்ட் அடிச்சா ஒட்டு நான் கீறேன் கீறேன்னு காட்டிக் குடுத்துடும். மொத்தத்தையும் அடிச்சாவணும். வண்டிக்கு நாங்களும் அப்படித்தான் செய்யறது."

"அப்ப இங்கிலீஷ் எழுத்த மறைக்க அடிக்கல."

"எழுத்த இன்னாத்துக்கு மறைக்கிறாரு? அதுல எழுத்து கீதுன்னே அவருக்குத் தெரிஞ்சிருக்காது."

நான் என் பதிலைச் சொன்னேன். பரீட்சையில் சொல்வதுபோலவே, தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துச் சொன்னேன். எஞ்சினும் முதல் பெட்டியும் வந்தவை. யார் வீட்டிலிருந்து என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் வந்தபோது எஞ்சின் நசுங்கி, ஸ்பிரிங் போய், விளையாட உதவாமல் இருந்தது. அதற்குத் தகரமே சாட்சி. இரண்டாவது பெட்டி பண்ணது.

"நசுங்குன டப்பாவ எவன் திருடுவான்?" என்றாள் அம்மா. "குப்பையில கெடந்துருக்கும், பொறுக்கிகினு வந்துருப்பாரு."

"பொறுக்கினாருன்னே இருக்கட்டும்" என்றார் அப்பா. அவர் முகத்தில் வருத்தம் இல்லை. இரண்டாவது பெட்டியைத் தரையில் வைத்து லேசாகத் தள்ளினார். மூடிச் சக்கரங்கள் கடகடவென்று ஓடின. பெயிண்டில் புதைந்து கிடந்த காலமெல்லாம் அவை சுழன்றதே இல்லை.

பல வருடம் கழித்து, பழைய பொம்மைகள் சேர்க்கிற ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மேலே மேலே பெயிண்ட் அடித்ததே பாவம், அதை நாங்களாகத் தின்னர் போட்டு எடுத்தது அதைவிடப் பாவம், ஒட்டுப் போட்ட எஞ்சினை இனி யாரும் சீந்த மாட்டார்கள் என்றார். சீந்த வேண்டாம். என் வாழ்க்கையில் நான் எழுதிய தேர்வுகளிலேயே அதுதான் எனக்குப் பிடித்த தேர்வு. அதன் மதிப்பெண் என்னவென்று எனக்குத் தெரியும்.

அந்த வருடம் குடிலில் ரயிலை எந்தப் பக்கம் காட்டி வைப்பது என்று எனக்கும் அப்பாவுக்கும் சண்டை. நான் அலைந்து கண்டுபிடித்த தங்கக் கோடு வெளியே தெரிய வேண்டும் என்பது என் கட்சி. அப்பா பல்பொடிக் கட்சி. அவரே ஜெயித்தார். கேழ்வரகுப் பயிருக்கு நடுவில் மஞ்சள் எஞ்சின் பளிச்சென்று நின்றது. பிறகு என்னைக் கூப்பிட்டு ஓர் அட்டையை நீட்டினார்.

"எழுதி வையி. வர்றவங்க பாக்கட்டும்."

"தாத்தா செய்த ரயில்னு எழுதவா?"

"வேணாம். ஒரு பெட்டிதான் செஞ்சாரு. மீதிய சரி பண்ணாரு. உள்ளத உள்ளபடியே போடு. அந்த ஊரையும் போடு."

எழுதினேன். எஞ்சினும் முதல் பெட்டியும் பவேரியாவில் செய்தவை. நசுங்கிய எஞ்சினைப் பழுது பார்த்ததும், இரண்டாம் பெட்டியைச் செய்ததும் எங்கள் தாத்தா. இரண்டு முறை வாசித்துக் காட்டச் சொன்னார். அட்டையை அவரே கல்லில் சாய்த்து வைத்தார்.

கிறிஸ்துமஸ் அன்று கார்டு மாமா வந்தார். அச்சு முறுக்கை வாயில் வைத்துக்கொண்டே கண்ணாடியைச் சரிசெய்து அட்டையை வாசித்தார். எஞ்சினை எடுத்தார். ஒரு பக்கம் பார்த்தார், மறு பக்கம் பார்த்தார்.

"நான் சொல்லல, சீமைச் சாமான்னு?"

"சொன்னீங்க சார். பாதி சரிதான்" என்றார் அப்பா.

"அட, பல்பொடியா இது? சின்ன வயசுல நானும் இதே பொடிதான்யா தேச்சேன்." அவர் உடம்பு குலுங்கச் சிரித்தார். எஞ்சினை வைத்துவிட்டு, இரண்டாவது பெட்டியை ஒரு கையால் எடுக்கப் போனார்.

"பாத்து சார், பாத்து" என்றார் அப்பா. "அது மொத்தமும் எங்கப்பா."

கார்டு மாமா முறுக்கைத் தட்டில் வைத்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் அதைத் தூக்கினார்.